நாய்க்கு ஒரு வாசல், பூனைக்கு ஒரு வாசல்: மதுரையில் ஒரு கிளினிக் கட்டடம்

ஐந்தரை சென்ட் மூலைமனை. கிழக்கே முப்பதடி ரோடு, தெற்கே ஆட்டோ நுழையும் அளவுக்கு ஒரு சந்து. வடக்கிலும் மேற்கிலும் ஒட்டினாற்போல வீடுகள். மதுரையில் வைகையின் வடகரையில் இருக்கும் இந்த மனையில், நாய் பூனைகளுக்கென்று ஒரு கிளினிக் கட்டவேண்டும் என்று ஒரு கால்நடை மருத்துவர் வந்தார். நாமக்கல் கல்லூரியில் படித்தவர். பல வருடங்களாக ஒரு வாடகை வீட்டில் பிராக்டிஸ் செய்துகொண்டிருந்தவர். வடிவமைப்பு என்னுடையது. அவர் பெயரும் கிளினிக் பெயரும் இந்த ஆய்வுக்குத் தேவையில்லை.

எத்தனை அறை, எவ்வளவு சதுர அடி என்று எழுதிக்கொண்டு வருவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கொண்டுவந்த தாளில் இருந்ததெல்லாம் பழைய இடத்தைப் பற்றிய புகார்கள். தரை வழுக்குகிறது. பூனை பரணில் ஏறிக்கொண்டால் இறக்க முடிவதில்லை. பார்வோ என்ற தொற்றுநோய் வந்த குட்டியையும் ஹால் வழியாகத்தான் தூக்கி வருகிறார்கள். சாயங்காலம் ஆனால் நாம் பேசுவது நமக்கே கேட்பதில்லை. கடைசியாக ஒன்று: அழுதுகொண்டு வெளியே போகிறவர்களை எல்லோரும் பார்க்கிறார்கள்.

இதைவிட நல்ல தொடக்கக் குறிப்பு எனக்கு எந்த வாடிக்கையாளரிடமிருந்தும் கிடைத்ததில்லை.

பெட் கிளினிக் என்றால் முன்னால் முழுக் கண்ணாடி, உள்ளே கலர் சோபா, சுவரில் பாதத்தடம் வரைந்த ஸ்டிக்கர் என்று ஒரு வழக்கம் வந்துவிட்டது. பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அதெல்லாம் பில் கட்டுகிறவருக்கு. நோயாளிக்கு முதலில் தெரிவது காலடியில் தரை, மூக்கில் வாசனை, காதில் சத்தம், எதிரே வருவது யார் என்பது. பட்ஜெட்டில் இந்த நான்குக்கும் முதலில் ஒதுக்கிவிட்டு, மீதி இருப்பதில் முகப்பைப் பார்த்துக்கொள்ளலாம் என்று சொன்னேன். டாக்டர் உடனே ஒப்புக்கொண்டார். அவருடைய கணவரை ஒப்புக்கொள்ள வைக்கத்தான் கொஞ்சம் நாளானது.

நம் ஊரில் இந்த வகைக் கட்டடத்துக்கு முன்மாதிரி அதிகம் கிடையாது. கால்நடை மருத்துவமே மாட்டையும் குதிரையையும் வைத்து வளர்ந்தது. 1761-ல் பிரான்சின் லியோன் நகரத்தில் உலகின் முதல் கால்நடை மருத்துவப் பள்ளிக்கு அனுமதி கிடைத்ததற்கு ஒரு முக்கியக் காரணம், மாடுகளைக் கொள்ளைகொள்ளையாகச் சாகடித்துக்கொண்டிருந்த வெக்கை நோய். சென்னையில் 1903-ல் சைதாப்பேட்டையில் தொடங்கி, பிறகு வேப்பேரிக்குப் போன கல்லூரிக்கும் கால்நடையே பிரதானம். நம் கிராமத்து அரசு மருந்தகத்தை நினைத்துப் பாருங்கள். முன்னால் ஒரு வேப்பமரம், மாட்டை நிறுத்திக் கட்டி ஊசி போட இரும்புக் குழாயில் ஒரு சட்டம், பின்னால் வராண்டாவோடு இரண்டு அறை. மாட்டுக்கு அது சரியான வடிவமைப்பு. நிழல், காற்று, எளிதில் கழுவும் தரை, எல்லாம் இருக்கிறது. மறுகோடியில், 2024-ல் மும்பை மகாலட்சுமியில் டாடா அறக்கட்டளை திறந்த சிறு விலங்கு மருத்துவமனை இருக்கிறது. ஐந்து மாடி, ஏறக்குறைய 98,000 சதுர அடி. இந்த இரண்டுக்கும் நடுவில் ஊருக்கு ஊர் நூற்றுக்கணக்கில் இருப்பவை, வீட்டை மாற்றிக் கிளினிக் ஆக்கியவைதான். நாங்கள் கட்டப்போனது அந்த நடு ரகத்துக்கான கட்டடம். விலங்கு நடமாடும் எல்லாமே தரைத்தளத்தில். மேலே மருந்து ஸ்டோர், துவைக்கும் இடம், இரவுப் பணியாளர் அறை. நாற்பது கிலோ லாப்ரடாரை மயக்கத்தில் தூக்கிக்கொண்டு படி ஏறச் சொல்ல முடியாது, லிஃப்டுக்கும் பணம் இல்லை.

பாதை

வரைபடத்தில் நான் முதலில் போட்டது அறைகளை அல்ல, கோடுகளை. நாய் எங்கே நுழைந்து எங்கே வெளியேறும், பூனை எங்கே, தொற்று இருக்கலாம் என்று சந்தேகப்படும் குட்டி எங்கே, ரத்தம் சொட்டச் சொட்ட வருகிற விபத்துக் கேஸ் எங்கே. இந்தக் கோடுகள் ஒன்றையொன்று வெட்டாமல் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

கிழக்கு முகப்பில் முழு அகலத்துக்கும் ஒரு வராண்டா விட்டோம். அதிலிருந்து உள்ளே போக இரண்டு கதவு. வடபக்கக் கதவு நாய்க்கு, தென்பக்கக் கதவு பூனைக்கு. உள்ளே காத்திருக்கும் கூடம் ஒன்றுதான். ஆனால் நடுவில் நான்கரை அடிக்குச் சுவர், அதற்கு மேல் கூரைவரை பால்கண்ணாடி. ரிசப்ஷன் மேஜை இரண்டு பக்கத்தையும் பார்த்தபடி உட்கார்ந்திருப்பதால் ஆள் ஒருவர் போதும்.

பன்னாட்டுப் பூனை மருத்துவச் சங்கம் பூனைக்கு உகந்த கிளினிக்குகளுக்கு என்று வகுத்திருக்கும் நெறிகளில், பூனைக்குத் தனிக் காத்திருப்பு இடமும், கூடையைத் தரையில் வைக்காமல் உயரத்தில் வைக்க வசதியும் முக்கியமானவை. உயரத்தில் இருந்தால் பூனைக்குப் பயம் குறையும். அவர்கள் சொல்வது கைப்பிடி வைத்த கேரியருக்கு. மதுரையில் பூனை கட்டைப்பையில் வரும், காய்கறிக் கூடையில் வரும், துளை போட்ட அட்டைப்பெட்டியில் வரும், ஒரு பாட்டி முந்தானைக்குள் சுற்றிக்கூடக் கொண்டுவருவார். ஆகவே தனித்தனி மாடமாகப் போடாமல், இடுப்பு உயரத்தில் நீளமாக ஒரு கடப்பா பலகை, விளிம்பில் இரண்டு அங்குலம் தூக்கல், நடுநடுவே தடுப்பு. கட்டைப்பை சாயாமல் நிற்கிறதா என்று பழைய கிளினிக்கிலிருந்தே ஒரு பை எடுத்துவந்து வைத்துப் பார்த்துத்தான் தடுப்பின் இடைவெளியை முடிவு செய்தோம்.

எடை பார்க்கும் மேடை நாய்களுக்கு ஒரு பெரிய சண்டை. நான்கு பேர் சேர்ந்து தள்ளி ஏற்றுவார்கள். நாய்க்கு அப்போதே நம்பிக்கை போய்விடும். வடபக்கக் கதவைத் தாண்டியதும் தரையில் பள்ளம் எடுத்து, மேடையைத் தரைமட்டத்துக்கு இறக்கிவிட்டோம். ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் ஓனர் நடக்கிறார். நாய் கூடத்துக்குப் போகிற வழியில் அதன்மேல் ஒரு நிமிடம் நிற்கிறது, எடை ரிசப்ஷன் திரையில் வந்துவிடுகிறது. பள்ளத்துக்கு அடியில் ஒரு வடிகால் கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் கூட்டிப் பெருக்கிய தண்ணீர் தேங்கி, மாதக்கணக்கில் நாறும்.

சந்து இல்லாவிட்டால் இந்தத் திட்டமே இல்லை. பார்வோ வைரஸ் வெளியே மாதக்கணக்கில், சாதகமான இடத்தில் ஒரு வருடம்வரைகூட உயிரோடு இருக்கும். மேலுறை இல்லாத வைரஸ் என்பதால் சாதாரணக் கிருமிநாசினிகள் பலவற்றுக்கு அசையாது. அழுக்கை முதலில் நன்றாகக் கழுவிவிட்டு, பிளீச்சிங் கரைசலைப் பத்து நிமிடம் ஊறவிட வேண்டும். ஒரு குட்டி கூடத்தில் வாந்தி எடுத்தால், தடுப்பூசி போட வந்த அத்தனை குட்டிகளுக்கும் ஆபத்து. அதனால் தனிமை அறையைத் தென்மேற்கு மூலையில் வைத்து, சந்திலிருந்து நேராகக் கதவு கொடுத்தோம். வாசலில் அழைப்புமணி. ‘குட்டிக்கு வாந்தி, ரத்தக் கழிச்சல் என்றால் உள்ளே வரவேண்டாம், சந்துப் பக்கம் வந்து மணி அடிக்கவும்’ என்று முன்வாசலில் பெரிய எழுத்தில் ஒரு பலகை. அந்த அறைக்குத் தனி கைகழுவும் தொட்டி, தனி துடைப்பம், தனி காற்றுப்போக்கி. வெளியேற்றும் விசிறி உள்ளே வரும் காற்றைவிட அதிகமாக இழுக்கும்படி வைத்ததால், கதவைத் திறந்தால் காற்று அறைக்குள்தான் போகும், அறையிலிருந்து வெளியே வராது.

தரை

“சார், உங்க எலிவேஷன் எல்லாம் அப்புறம் பேசலாம். என் தரையை மொதல்ல சொல்லுங்க,” என்றார் டாக்டர், இரண்டாம் சந்திப்பிலேயே.

பழைய இடத்தில் பளபளவென்று விட்ரிஃபைட் டைல். வயதான நாய் ஒன்று உள்ளே வந்ததைப் பார்த்தேன். நான்கு காலும் நான்கு பக்கம் விரிகிறது, நகத்தை ஊன்றப் பார்க்கிறது, ஊன்றினால் இன்னும் வழுக்குகிறது. நாய் நகத்தால் பிடிமானம் தேடும். பளபளப்பான தரையில் நகமே அதற்கு எதிரி. இடுப்பு மூட்டுத் தேய்ந்த நாய்க்கு அது வலி. ஓனர் அதை ‘டாக்டரைப் பார்த்து பயப்படுது’ என்று நினைத்துச் சங்கிலியை இழுப்பார்.

சொரசொரப்பாகப் போட்டால் வழுக்காது, ஆனால் மூத்திரமும் முடியும் அதில் தங்கிவிடும். வழவழப்பாகப் போட்டால் கழுவுவது சுலபம், நாய் நிற்காது. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு புள்ளி பிடிக்கவேண்டும். கோட்டா கல், மேட் ஃபினிஷ் டைல், குவார்ட்ஸ் மணல் தூவிய எபாக்ஸி பூச்சு, வினைல் ஷீட் என்று நான்கு மாதிரிகளைப் பழைய கிளினிக்கின் பின்வராண்டாவில் பட்டைபட்டையாகப் பதித்தோம். தண்ணீர் தெளித்து, டாக்டருடைய சொந்த நாயான சிப்பிப்பாறையை நடக்கவிட்டோம். அப்புறம் பக் இனத்தில் ஒரு தடியான நாய். பக்குக்கு எல்லாமே சம்மதம், அது எங்கேயும் படுத்துக்கொள்ளும். சிப்பிப்பாறைதான் சரியான தேர்வாளர். மெலிந்த நீளக் கால், சற்று வழுக்கினாலும் நின்றுவிடும். கோட்டாவில் நன்றாக நடந்தது. ஆனால் மெருகேற்றாத கல் கறை குடிக்கிறது என்று அங்கே துப்புரவு பார்க்கும் அக்கா ஒரே வாரத்தில் சொல்லிவிட்டார்கள்.

முடிவில் கூடத்துக்கும் பரிசோதனை அறைகளுக்கும் மேட் ஃபினிஷ் முழுநிற டைல். சிகிச்சை அறை, வார்டு, தனிமை அறை மூன்றுக்கும் மெல்லிய குவார்ட்ஸ் தூவிய எபாக்ஸி. சுவரோடு சேருமிடத்தில் மூலை இல்லாமல் வளைவாக ஆறு அங்குலம் ஏற்றியது. டைலைவிட முக்கியம் அதன் இடுக்கு. சிமென்ட் பூச்சு வைத்தால் மூத்திரத்தை உறிஞ்சும். எவ்வளவு கழுவினாலும் அடுத்த நாய் அங்கேயே மோந்து அங்கேயே காலைத் தூக்கும். எபாக்ஸி கிரௌட் என்ற இடுக்குப் பூச்சு விலை அதிகம்தான். முகப்புக் கண்ணாடியைப் பாதியாகக் குறைத்ததில் அந்தப் பணம் கிடைத்தது.

வாசனை, சத்தம்

நம்மூர் ஆஸ்பத்திரி என்றாலே பினாயில் வாசனை. கருப்பு பினாயிலில் இருக்கும் பீனால் வகைப் பொருட்களைப் பூனையின் ஈரலால் சரிவர முறிக்க முடியாது. தரையில் நடந்து பாதத்தை நக்கினாலே உடம்புக்குள் போய்விடும். பூனை வரும் இடத்தில் அதை வாங்கிவைக்கவே கூடாது என்பது டாக்டருடைய கட்டளை. அப்படியானால் நாற்றத்தைக் கட்டடமே சமாளிக்க வேண்டும். வார்டிலும் சிகிச்சை அறையிலும் தரை ஓரத்தில் எவர்சில்வர் மூடி போட்ட நீளக் கால்வாய், முடி பிடிக்க எடுத்துக் கழுவக்கூடிய வலைக்கூடை, கால்வாய் முடியும் இடத்தில் தண்ணீர் அடைப்புள்ள டிராப். டிராப்பில் தண்ணீர் காய்ந்துவிட்டால் சாக்கடை நாற்றம் நேராக உள்ளே ஏறும், மதுரை வெயிலில் அது சீக்கிரமே காயும். அதனால் அதிகம் பயன்படாத தனிமை அறையின் டிராப்பில் தினமும் ஒரு வாளி தண்ணீர் ஊற்றுவது காலை வேலைப் பட்டியலில் முதல் வரி.

சத்தம் இன்னும் கஷ்டம். நாய்கள் சேர்ந்து குரைக்கும் வார்டில் 100 டெசிபலைத் தாண்டுவது சகஜம். நமக்கு 20 கிலோஹெர்ட்ஸோடு காது முடிந்துவிடுகிறது. நாய்க்குச் சுமார் 45 வரை, பூனைக்கு 60-ஐத் தாண்டியும் கேட்கும். நமக்குக் கேட்காத மின்கருவிக் கீச்சொலிகூட அவற்றுக்கு எட்டலாம். முதல் தற்காப்பு, வார்டை முன்கூடத்திலிருந்து எவ்வளவு தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளி, நடுவில் இரண்டு கதவு வைப்பது. அடுத்தது கூண்டுகளின் முகம். எதிரும் புதிருமாக வைத்தால் ஒன்றையொன்று பார்த்துக் குரைக்கும். ஒரே வரிசையில் வைத்து எதிரே வெற்றுச் சுவர் விட்டோம். மேற்குப் பக்கத்து வீட்டை ஒட்டி வார்டு வரவில்லை. படிக்கட்டு, ஸ்டோர், கழிப்பறை மூன்றும் அந்தச் சுவரோடு நிற்கின்றன. பக்கத்து வீட்டுக்காரருக்கு அது சத்தத் தடுப்பு, எங்களுக்கு மேற்கு வெயில் தடுப்பு. கூரையில் தொங்கும் ஒலி உறிஞ்சும் பலகைகள் கைக்கு எட்டாத உயரத்தில் இருக்கின்றன, ஈரத்துணியால் துடைக்கலாம். பூனை வார்டு சிறியது, மூன்று சுவர் தள்ளி இருக்கிறது. ஒவ்வொரு கூண்டிலும் ஒளிந்துகொள்ள ஒரு பெட்டி. பூனையைத் தேடிப் பார்க்கிறவர்களுக்குச் சிரமம்தான், பூனைக்கு நிம்மதி.

நிறத்தைப் பற்றி அதிகம் மெனக்கெடவில்லை. நாய்க்குச் சிவப்பும் பச்சையும் ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் தெரியும், நீலமும் மஞ்சளும் பிரித்துத் தெரியும். சுவருக்கு வெளிர்நீலம், தடுப்புகளுக்கு மங்கிய மஞ்சள். அவ்வளவுதான்.

பரிசோதனை அறை

இங்கே ஒரு விதி: லாஃப்ட் கிடையாது. தமிழ்நாட்டில் அறை என்று கட்டினால் பரண் வைக்காமல் மேஸ்திரிக்கு கை ஓயாது. “அண்ணே, இது பூனை ரூம், மேல எதுவும் வேண்டாம்” என்று சொல்லிவிட்டு ஊருக்குப் போய் வந்தால் சென்ட்ரிங் அடித்து வைத்திருந்தார். அலமாரி கூரைவரை மூடியது, ஏசி உள்யூனிட்டுக்கும் கூரைக்கும் நடுவே இடைவெளி அடைத்தது, ஜன்னல் திரைக்குப் பதில் கண்ணாடிக்குள்ளேயே மூடி. பூனை குதித்தாலும் போய் ஒளிய இடம் இல்லை என்றால், மேஜைக்கு அடியில் நாங்களே வைத்த பெட்டிக்குள் தானாகப் போய் உட்கார்ந்துகொள்கிறது.

நாய் அறையில் மேஜை சுவரோடு மடிந்துவிடும். பெரிய நாய்களை டாக்டர் தரையிலேயே உட்கார்ந்து பார்க்கிறார். அதற்காகச் சுவரோரம் பழைய வீட்டுத் திண்ணை மாதிரி ஒரு தாழ்ந்த மேடை கட்டினோம். ஓனர் அதில் உட்கார்ந்தால் நாய் அவர் காலோடு ஒட்டி நிற்கும், டாக்டர் பக்கவாட்டில் வந்து பார்ப்பார். ஊசி போட்டது தெரியாமலேயே போகிற நாய்களும் உண்டு.

பிரியும் அறை

கருணை ஊசி போடும் நாள் வரும். பதின்மூன்று, பதினான்கு வருடம் வீட்டில் வளர்ந்த நாய். குடும்பமே வரும், சில வீட்டில் மாலையும் கொண்டு வருவார்கள். பழைய இடத்தில் அது முடிந்ததும், தடுப்பூசிக்கு வந்த குட்டிகளுக்கு நடுவே துணி சுற்றிய உடலைத் தூக்கிக்கொண்டு வெளியேற வேண்டும். கவுன்ட்டரில் நின்று பணமும் கட்டவேண்டும்.

இங்கே சந்துப் பக்கம், தனிமை அறைக்கு நன்றாக இடைவெளி விட்டு, ஒரு சின்ன அறை. பத்துக்குப் பன்னிரண்டு அடி. ஒரு பாய், ஒரு சோபா, மங்கவைக்கக்கூடிய விளக்கு, எவர்சில்வர் எதுவும் கண்ணில் படாது. வெளியே போகும் கதவு நேராகச் சந்துக்கு, வண்டி வாசலை ஒட்டி நிற்கும். பணம் முன்பே கட்டிவிடலாம், அல்லது பிறகு அனுப்பலாம். வாஸ்து பார்க்க டாக்டரின் மாமனார் ஒருவரை அழைத்து வந்திருந்தார். கூடத்தில் தொடங்கி ஒவ்வொன்றிலும் குறை சொன்னவர், இந்த அறைக் கதவு தெற்கே திறக்கிறது என்றதும் ‘இது சரியா இருக்கு’ என்று தலையாட்டினார். சதுர அடிக் கணக்கில் இந்த அறைக்கு வருமானமே இல்லை. இன்னொரு கன்சல்டேஷன் அறை வந்திருக்கும் இடம் இது. டாக்டர் அதில் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை.

விதிகளும் வெயிலும்

எக்ஸ்ரே அறைக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் நெறிகள்: 23 செ.மீ. செங்கல் சுவர், கதவில் ஈயத்தகடு, ஜன்னல் வைத்தால் வெளித்தரையிலிருந்து 2 மீட்டருக்கு மேல். பிளான் போடும்போதே இதை யோசித்தால் செலவு பெரிதில்லை. 2016-ம் ஆண்டின் மருத்துவக் கழிவு விதிகள் கால்நடை நிறுவனங்களுக்கும் பொருந்தும் என்பது பலருக்கு மறந்துபோகிறது. மஞ்சள், சிவப்பு, வெள்ளை, நீலம் என்று பிரித்துவைக்கவும், திசுக் கழிவை 48 மணி நேரத்துக்குள் அனுப்பவும் வண்டி நிற்கும் பக்கத்தில் பூட்டிய ஒரு அடைப்பு வேண்டும். சந்துப் பக்கம் அதைக் கொடுத்தோம்.

வெயிலுக்கு வராண்டா நிழல், மொட்டைமாடியில் வெள்ளை ஓடு, கூடத்துக்கு ஏசி. கூடத்துக்கு ஏசி ஆடம்பரம் என்று முதலில் பேச்சு வந்தது. மூக்கு சப்பையான பக், ஷிட்ஸூ, புல்டாக் வகைகளுக்கு மே மாதத்தில் அரை மணி நேரம் புழுக்கத்தில் காத்திருப்பதே அவசர கேஸ் ஆகிவிடலாம். மதுரையில் ஹஸ்கி வளர்க்கிறவர்களைப் பற்றி டாக்டர் சொல்வதை இங்கே எழுத முடியாது.

திறந்த பிறகு

பயன்பாட்டுக்கு வந்தபின் சிலவற்றை அங்கே வேலை செய்கிறவர்களே மாற்றிக்கொண்டார்கள். வராண்டாவில் நாங்கள் போட்ட பெஞ்சில் யாரும் உட்காருவதில்லை; நாயோடு வருகிறவர்கள் வண்டியிலேயே சாய்ந்து நிற்கிறார்கள். அதனால் டோக்கன் நம்பர் காட்டும் திரையை வண்டி நிற்கும் இடத்திலிருந்து தெரியும்படி திருப்பிவைத்திருக்கிறார்கள், கூடத்தில் கூட்டம் குறைந்துவிட்டது. பூனை வாசல் வழியாக முயல், லவ்பேர்ட்ஸ், ஒருமுறை சண்டைச் சேவல் எல்லாம் வருகின்றன; குரைக்காதவை எல்லாம் அந்தப் பக்கம் என்று ரிசப்ஷனிஸ்ட் ஒரு விதி வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை ஆடு வந்தால் மட்டும் வராண்டாவோடு சரி.

இப்போது மாடியில் கிரூமிங், அதாவது நாய்களைக் குளிப்பாட்டி முடியைச் சீராக்கும் வசதி, வேண்டும் என்கிறார் டாக்டர். வருமானத்துக்கு அது தேவை, மறுக்கவில்லை. ஆனால் முடி உலர்த்தும் டிரையரின் இரைச்சல் கீழே இறங்காமல் பார்க்கவேண்டும், குளிக்க வரும் ஆரோக்கியமான நாய் வார்டைத் தாண்டிப் போகக்கூடாது. உள்படிக்கட்டைப் பயன்படுத்த முடியாது. சந்துப் பக்கம் தனிப்படி வைத்தால் அது தனிமை அறை வாசலை உரசிக்கொண்டு ஏறும். முன்பக்கம் வைத்தால் இரண்டு கார் நிற்கும் இடம் போகும். இரண்டு காரையும் விட டாக்டர் தயாராக இல்லை. வடக்குப் பக்கம் காலியாக விட்டிருக்கும் இடத்தில் ஓர் இரும்புப் படி ஏற்றலாமா என்று மாநகராட்சி விதியோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.